ஏழு தலைகளுக்கும் ஒரே கணக்கு: கம்பளித் தொப்பி பின்னும் முறை

கைவேலைகளுள் மிகக் குறைந்த கருவிகளைக் கொண்டு செய்யத்தக்கது பின்னல் வேலை. இரண்டு ஊசிகள், ஓர் உருண்டை நூல், ஓய்வாயுள்ள இரண்டு கைகள்: இவ்வளவே அதற்கு வேண்டிய மூலதனம். அதிலும், கம்பளித் தொப்பியே கற்போர்க்கு ஏற்ற முதற் பாடம் எனலாம். மேற்சட்டைக்கு வேண்டியவாறு கைகளைத் தனியே பின்னிப் பொருத்தவேண்டிய தொல்லை இதில் இல்லை. கழுத்தை வெட்டி வளைக்கும் வேலையும் இல்லை. நேராகப் பின்னிச் சென்று, உச்சியிற் சுருக்கி, ஓரங்களைத் தைத்துவிட்டால் வேலை முடிந்துவிடும்.

ஆயினும், இவ்வெளிய பொருளே வீடுகளில் அடிக்கடி வீணாகிப் போவதைக் காண்கிறோம். பல மாலைப் பொழுதுகளைச் செலவிட்டுப் பின்னிய தொப்பி, அணிந்து பார்க்கும்போது கண்களை மறைத்துக்கொண்டு மூக்குவரை இறங்குகிறது. அல்லது காதுகளுக்கு எட்டாமல் உச்சியிலேறி உட்கார்ந்துகொள்கிறது. பின்னியவர் தம் கைராசியை நொந்துகொள்கிறார். உண்மையிற் குற்றம் கைராசியிலன்று. யாரோ ஒருவர், எந்த நூலையோ கொண்டு, எந்தத் தலைக்கோ பின்னிய எண்களை அப்படியே எடுத்தாண்டமையே குற்றம். சமையலில் மற்றொருவருடைய உப்பளவு நமக்குப் பொருந்தாதது போலவே, பின்னலில் மற்றொருவருடைய எண்ணும் நமக்குப் பொருந்துவதில்லை.

எனவே, ஒரு தொப்பிக்குரிய எண்களை மட்டும் ஈண்டுத் தருவது எமது நோக்கமன்று. எந்தத் தலைக்கும், எந்த நூலுக்கும் உரிய எண்ணைத் தாமே கண்டுகொள்ளும் வழியைச் சொல்வதே நோக்கம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த எந்த மாணவியும், ஏன், எந்த மாணவனும் இதனைச் செய்யலாம்.

தொப்பி யாருக்கு வேண்டும்?

யாழ்ப்பாணத்து வெயிலிற் கம்பளித் தொப்பிக்கு என்ன வேலை என்று சிலர் நகைக்கலாம். நமது தீவிலேயே அதற்கு வேலையுண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலே, தை மாசி மாதங்களில் அதிகாலைப் புல்வெளி சில நாள்களில் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். தேயிலை மலைகளில் விடியலில் வேலைக்குச் செல்வோர் தலையை மூடாமற் செல்வது அரிது.

அன்றியும், இன்று நம்மவர் இல்லங்கள் பலவற்றின் பிள்ளைகள் றொறன்ரோவிலும், இலண்டனிலும், ஒஸ்லோவிலும் வாழ்கின்றனர். அங்கே பேரப்பிள்ளைகள் பிறக்கின்றனர். குளிர்காலத்தில் அந்நகரங்களில் தலையும் காதும் மூடாத குழந்தையை வெளியே கொண்டுசெல்ல இயலாது. கடைகளில் ஆயிரம் தொப்பிகள் கிடைக்கலாம். எனினும் அம்மம்மா தன் கையாற் பின்னி அனுப்பிய தொப்பிக்கு வேறொரு மதிப்புண்டு. அது பொருந்தாமற் போனாற் பெட்டிக்குள் நினைவுப் பொருளாகக் கிடக்கும்; பொருந்தினால் குழந்தையின் தலையில் இருக்கும். அம்மம்மா பக்கத்திலிருந்து அணிவித்துப் பார்க்க முடியாத இடத்தில், கணக்கே அவருடைய கண்ணாக அமைய வேண்டும்.

தலையும் வெப்பமும்

உடலின் வெப்பத்திற் பாதி தலை வழியாகவே வெளியேறுகிறது என்று சொல்லக் கேட்டிருப்போம். பெரியவர்களைப் பொறுத்தமட்டில் இது பொருந்தாக் கூற்று. வளர்ந்தவரின் தலை உடற்பரப்பிற் பத்திலொரு பங்களவே. அங்கிருந்து போகும் வெப்பமும் ஏறத்தாழ அவ்வளவே. ஆனால் பிறந்த குழந்தைக்கு இக்கணக்கு வேறு. குழந்தையின் தலை அதன் உடற்பரப்பில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு. எனவே குழந்தைக்குத் தலைமூடி அலங்காரமன்று, பாதுகாப்பு.

இதற்குத் தக்க சான்று ஒன்று தென்னமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாட்டிற் கிடைக்கிறது. அந்நாட்டுத் தலைநகரான பொகோற்றாவில், குறைமாதக் குழந்தைகளை வைத்துக் காக்கும் வெப்பப் பெட்டிகள் போதாமல் இருந்த காலத்தில், மருத்துவர் எட்கர் ரே 1978ஆம் ஆண்டில் ஒரு புதிய முறையைத் தொடங்கினார். குழந்தையைத் தாயின் மார்போடு, தோலுடன் தோல் படுமாறு நிமிர்த்தி அணைத்துக் கட்டிவைப்பதே அம்முறை. கங்காருத் தாய்ப் பராமரிப்பு என்று இன்று உலகெங்கும் வழங்குவது இதுவே. அவ்வாறு வைக்கப்படும் குழந்தைக்கு அணையாடையும், காலுறையும், தொப்பியுமே உடை. உடலுக்குத் தாயின் மார்பு வெப்பந் தருகிறது. தாயின் உடலில் ஒட்டாத தலைக்குத் தொப்பி காவலாகிறது.

கம்பளிக்கு இக்காவற்றிறன் எங்கிருந்து வந்தது? ஆட்டு உரோமம் இயல்பாகவே சுருண்டு நெளிந்தது. அந்நெளிவுகளுக்கிடையே காற்று அசையாமல் அடைபட்டிருக்கும். அசையாக் காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. மேலும், கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் தொட்டால் நனைந்ததாகத் தோன்றாது. பனித்தூறலில் நடப்போர்க்கு இது பேருதவி.

ஓர் அரசியின் தொப்பிச் சட்டம்

பின்னற்றொப்பி ஒரு காலத்தில் அரசாங்கச் சட்டத்துக்கும் உரிய பொருளாயிருந்தது. இங்கிலாந்தை முதலாம் எலிசபெத் அரசி ஆண்ட காலத்தில், 1571ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள், உயர்குடியினர் முதலிய சிலர் நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாள்களிலும் இங்கிலாந்திற் செய்த கம்பளித் தொப்பியை அணிந்தே தீரவேண்டும்; தவறினால் நாளொன்றுக்கு 3 சிலிங் 4 பென்சு தண்டம். தொப்பித் தொழிலாளரைக் காப்பதே அதன் நோக்கம். மக்களின் விருப்பத்தைச் சட்டத்தால் நெடுநாள் கட்டிவைக்க முடியவில்லை. 1597ஆம் ஆண்டில் அச்சட்டம் நீக்கப்பட்டது.

அக்காலத் தொப்பிகளைப் பருத்த நூலாற் பெரிதாகப் பின்னி, நீரில் இட்டுத் துவைத்துத் துவைத்து இறுகச் செய்தனர். கம்பளி இழையின் மேற்புறத்தில் மீன்செதில் போன்ற நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் கசக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கித் தடித்துவிடும். தொப்பிக்காரர் வேண்டுமென்றே செய்த இக்காரியத்தை, நம் வீடுகளிற் சலவை செய்வோர் வேண்டாமலே செய்துவிடுவதுண்டு. ஆதலால் கம்பளித் தொப்பியை வெந்நீரில் இடாதீர்கள். குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, நிழலில் விரித்து உலர்த்துங்கள்.

பின்னல் பெண்களுக்கே உரியது என்பாரும் உளர். பெரு நாட்டில் தித்திகாக்கா ஏரியிலுள்ள தக்கீலே என்னுந் தீவில் தொப்பி பின்னுவோர் ஆண்களே. சிறுவர்கள் இளமையிலேயே இதைக் கற்கின்றனர். மணமானவர் அணியும் தொப்பி ஒரு விதம். மணமாகாதவர் அணியும் தொப்பி வேறு விதம். இத்தீவினரின் நெசவு, பின்னற் கலைகளை மானிடத்தின் மரபுச் செல்வமென யுனெஸ்கோ நிறுவனம் 2005ஆம் ஆண்டில் அறிவித்தது. ஆகவே நம் வீட்டு ஆண்பிள்ளைகளும் ஊசியைத் தொடக் கூசவேண்டியதில்லை.

ஓராண்டிற் பாதி வளர்ச்சி

இனித் தலையின் அளவைக் கவனிப்போம். பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு சராசரியாக 35 சென்ரிமீற்றர். மூன்றாம் மாதத்தில் அது 40 ஆகிறது. முதலாண்டு நிறைவில் 45 அல்லது 46. வளர்ந்த பெண்ணின் தலை ஏறக்குறைய 56. ஆணின் தலை 57 முதல் 59 வரை.

இவ்வெண்களைச் சற்று உற்று நோக்குங்கள். முதல் ஓராண்டில் தலை வளர்வது ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர். அதன்பின் வாழ்நாள் முழுவதிலும் அது வளர்வது மேலும் 10 அல்லது 12 சென்ரிமீற்றர் மாத்திரமே! காலும் கையும் இருபது வயதுவரை வளர்ந்துகொண்டே போக, தலை தன் வளர்ச்சியிற் பாதியளவை முதலாண்டிலேயே முடித்துக்கொள்கிறது. பத்து வயதுச் சிறுவனின் தொப்பி தாயாருக்கும் ஓரளவு பொருந்துவதும், மூன்று மாதத்துக்கு முன் பின்னிய குழந்தைத் தொப்பி இன்று பொருந்தாமற் போவதும் இதனாலேயே.

இதிலிருந்து நாம் அறியத்தக்க விதி யாதெனில், குழந்தைத் தொப்பியைப் பின்னும் நாளுக்கன்றி அணியும் நாளுக்கே அளவெடுக்க வேண்டும் என்பதாம். றொறன்ரோவில் ஆனி மாதத்தில் ஒரு பேரப்பிள்ளை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செய்தி கேட்ட அன்றே அம்மம்மா மகிழ்ச்சியோடு ஊசியை எடுத்துப் பிறந்த குழந்தையின் அளவிற் பின்னுகிறார். தொப்பி போய்ச் சேரும்போது அங்கே கோடைகாலம். குளிர் தொடங்கும் மார்கழியிற் குழந்தைக்கு ஆறு மாதம். தலை 43 சென்ரிமீற்றர். அத்தொப்பி ஒரு நாளேனும் அணியப்படாமலே சிறிதாகிப் போயிருக்கும்.

அளவெடுக்கும் முறை

அளவு நாடாவைப் புருவத்துக்குச் சற்று மேலே வைத்து, காதின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டு, பின்மண்டை மிகப் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி வரச்செய்து அளவெடுக்க வேண்டும். நாடா இல்லாதவிடத்து ஒரு நூலாற் சுற்றி, அந்நூலை அடிமட்டத்தில் வைத்து அளக்கலாம். தூரத்திலுள்ள பிள்ளைகளிடம் தொலைபேசியில் ‘என்ன வயது?’ என்று கேட்பதைவிட, ‘தலை எத்தனை சென்ரிமீற்றர்?’ என்று கேட்பதே மேல்.

பின்னற்றுணி இழுபடும் இயல்புடையது. நெய்த துணியில் இழைகள் நேராக ஓடுகின்றன. பின்னலிலோ நூல் வளைந்து வளைந்து கண்ணி கண்ணியாக நிற்கிறது. இழுத்தால் அவ்வளைவுகள் விரிகின்றன, விட்டால் மீள்கின்றன. தலைச்சுற்றளவுக்குச் சரியாகப் பின்னிய தொப்பி தலையிற் பற்றி நில்லாது. ஆகவே, தலையின் அளவிற் பத்திலொன்றைக் குறைத்துப் பின்னுவது முறை. 56 சென்ரிமீற்றர்த் தலைக்குத் தொப்பி ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் இருந்தாற் போதும்.

முதலில் ஒரு மாதிரித் துண்டு

இனி நூலும் ஊசியும். ‘டபிள் நிற்றிங்’ என்று உறையில் அச்சிடப்பட்ட நடுத்தரக் கம்பளி நூலும், 4 மில்லிமீற்றர்ப் பின்னல் ஊசி ஒரு சோடியும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஊசிகளை வைத்திருக்கும் தாய்மார் 8ஆம் இலக்க ஊசியை எடுக்கலாம், இரண்டும் ஒன்றே. பெரியவரின் தொப்பி ஒன்றுக்குப் பெரும்பாலும் 50 கிராம் உருண்டை ஒன்று போதும். அதே உருண்டையில் பிறந்த குழந்தைக்கு இரண்டு தொப்பிகள் பின்னலாம்.

தொப்பியைத் தொடங்குமுன், 30 கண்ணிகள் ஏற்றி, ஒரு வரிசை பிளேன், ஒரு வரிசை பேர்ள் என்று மாறி மாறி 40 வரிசைகள் பின்னுங்கள். அத்துண்டை நனைத்து உலர்த்துங்கள். பின்பு அதன் நடுவிலே அடிமட்டத்தை வைத்து, 10 சென்ரிமீற்றரில் எத்தனை கண்ணிகள் அடங்குகின்றன என்று எண்ணுங்கள். மேலே சொன்ன நூலுக்கும் ஊசிக்கும் பொதுவாக 22 கண்ணிகள் வரும். இவ்வெண்ணைப் பின்னலிறுக்கம் என்போம்.

மாதிரித் துண்டு நேரத்தை வீணாக்குவது என்று எண்ணிப் பலர் இதை விட்டுவிடுகின்றனர். அதனால் விளையும் பிழையைப் பாருங்கள். பெண்ணொருவருக்கு 112 கண்ணிகள் ஏற்றுகிறோம். பின்னலிறுக்கம் 22 ஆயின் தொப்பி 51 சென்ரிமீற்றர். தளர்வாகப் பின்னுபவருக்கு அது 20 ஆயின் தொப்பி 56 சென்ரிமீற்றராகி நெற்றியில் வழியும். இறுக்கமாகப் பின்னுபவருக்கு அது 24 ஆயின் 47 சென்ரிமீற்றராகிச் சிறுவனுக்கே பொருந்தும். நூல் ஒன்று, ஊசி ஒன்று, எண் ஒன்று. கை மட்டுமே வேறு. அரைமணி நேரத் துண்டு ஒரு வாரத்து உழைப்பைக் காக்கிறது.

கணக்கு

தலைச்சுற்றளவை 0.9 ஆற் பெருக்குக. வருவதைப் பின்னலிறுக்கத்தாற் பெருக்கிப் பத்தால் வகுக்க. விடைக்கு மிக அருகிலுள்ள எட்டின் மடங்கை எடுக்க. இவ்வளவே.

பெண்ணின் தலை 56. 56ஐ 0.9ஆற் பெருக்க 50.4. அதை 22ஆற் பெருக்கிப் பத்தால் வகுக்க 110.9. அதற்கு அண்மையிலுள்ள எட்டின் மடங்கு 112. எட்டின் மடங்கு ஏன் என்பது உச்சியைச் சுருக்கும்போது விளங்கும்.

இவ்வாறு 22 கண்ணி இறுக்கத்துக்குக் கணித்த ஏழு அளவுகள் வருமாறு. நேர்ப்பகுதி என்பது விளிம்பிலிருந்து உச்சிச் சுருக்கம் தொடங்குமிடம் வரையுள்ள உயரம். நீள அளவுகள் யாவும் சென்ரிமீற்றரில்.

பிறந்த குழந்தை: தலை 35, கண்ணி 72, நேர்ப்பகுதி 8.
மூன்று மாதம்: தலை 40, கண்ணி 80, நேர்ப்பகுதி 9.
ஒரு வயது: தலை 45, கண்ணி 88, நேர்ப்பகுதி 10.
மூன்று வயது: தலை 49, கண்ணி 96, நேர்ப்பகுதி 11.
பத்து வயது: தலை 53, கண்ணி 104, நேர்ப்பகுதி 12.
பெண்: தலை 56, கண்ணி 112, நேர்ப்பகுதி 13.
ஆண்: தலை 59, கண்ணி 120, நேர்ப்பகுதி 14.

கண்ணிகள் எட்டெட்டாகவும் உயரம் ஒவ்வொன்றாகவும் ஏறிச்செல்லும் கூட்டல் விருத்தியை மாணவர்கள் கவனிக்க. முதல் மூன்று படிகளும் ஓராண்டுக்குள் ஏறப்படுகின்றன. எஞ்சிய நான்கு படிகளுக்கு ஓர் ஆயுள் செல்கிறது. றொறன்ரோக் குழந்தையின் 43 சென்ரிமீற்றர்த் தலைக்குக் கணக்கிட்டால் 85 வரும்; 88 கண்ணிகள் ஏற்றவேண்டும். அம்மம்மா முதலிற் பின்னிய 72க்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இரண்டு படிகள்.

வேறு நூல் கிடைத்தாலும் கலங்கவேண்டாம். தடித்த நூலில் 10 சென்ரிமீற்றருக்கு 18 கண்ணிகள் வருமாயின், அதே பெண்ணின் தலைக்கு 50.4ஐ 18ஆற் பெருக்கிப் பத்தால் வகுக்க 90.7 வரும், 88 கண்ணிகள் போதும்.

பின்னும் முறை

கணக்கில் வந்த எண்ணோடு, ஓரத்தைத் தைப்பதற்காக இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஊசியில் ஏற்றுங்கள். பெண்ணின் தொப்பிக்கு ஆக மொத்தம் 114.

விளிம்பு: முதல் வரிசையில் இரண்டு பிளேன், இரண்டு பேர்ள் என்று மாறி மாறிப் பின்னி, இறுதி இரண்டு கண்ணிகளையும் பிளேனாக முடியுங்கள். மறுவரிசையில் இரண்டு பேர்ள், இரண்டு பிளேன் என்று சென்று இரண்டு பேர்ளில் முடியுங்கள். இவ்விரு வரிசைகளையும் திரும்பத் திரும்பப் பின்ன, வரிவரியாக மேடும் பள்ளமுமான இழுபடும் விளிம்பு உண்டாகும். குழந்தைகளுக்குரிய முதல் மூன்று அளவுகளுக்கு 3 சென்ரிமீற்றரும், அடுத்த இரண்டுக்கு 4 சென்ரிமீற்றரும், பெரியவர்க்கு 5 சென்ரிமீற்றரும் விளிம்பு போதும்.

நேர்ப்பகுதி: பின்பு முகப்புப் பக்கத்தில் பிளேன் வரிசை, உட்பக்கத்தில் பேர்ள் வரிசை என்று மாறி மாறி, மேலே குறித்த உயரம் வரும்வரை பின்னுங்கள். விளிம்பும் அவ்வுயரத்தில் அடங்கும். உட்பக்க வரிசையோடு இப்பகுதியை முடியுங்கள்.

உச்சி: இப்போது மொத்தக் கண்ணிகளை, ஓரத்துக்குரிய இரண்டு நீங்கலாக, எட்டுப் பங்காகக் கருதுங்கள். 112இல் ஒரு பங்கு 14. முகப்பு வரிசையில் ஓரக்கண்ணி ஒன்றைப் பின்னி, அடுத்து இரண்டு கண்ணிகளை ஒன்றாக்கிப் பின்னி, எஞ்சிய 12ஐயும் நேராகப் பின்னுங்கள். இவ்வாறு எட்டு முறை செய்து, கடைசி ஓரக்கண்ணியைப் பின்னுங்கள். எட்டுக் கண்ணிகள் குறைந்திருக்கும். உட்பக்க வரிசையைக் குறைக்காமற் பேர்ளாகப் பின்னுங்கள். அடுத்த முகப்பு வரிசையில் இரண்டை ஒன்றாக்கிய பின் 11, அதற்கடுத்ததில் 10, இவ்வாறே குறைத்துக்கொண்டு சென்றால் இறுதியில் ஒவ்வொரு பங்கிலும் ஒரே கண்ணியும், ஓரங்களில் இரண்டுமாக 10 கண்ணிகள் எஞ்சும். ஏழு அளவுகளிலும் முடிவு இந்தப் பத்தே.

நூலை ஒரு முழ நீளம் விட்டு வெட்டி, பெரிய தையலூசியிற் கோத்து, அப்பத்துக் கண்ணிகளினூடாகவும் செலுத்தி இறுக்கிக் கட்டுங்கள். அதே நூலால் ஓரங்களை இணைத்து விளிம்புவரை தையுங்கள். ஓரக்கண்ணி இரண்டும் தையலுக்குள் மறைந்துவிட, விளிம்பின் வரிகள் இரண்டு இரண்டாக முறியாமல் ஓடுவதைக் காண்பீர்கள். நாம் இரண்டு கண்ணிகளைக் கூட்டியதன் பயன் அதுவே.

எட்டுப் பங்கு ஏன்?

வகுப்பறையில் வட்டத்தின் சுற்றளவைக் கற்பிக்கும்போது, இஃது எங்கே பயன்படும் என்று மாணவர்கள் வினவுவதுண்டு. இதோ, இங்கே பயன்படுகிறது. தட்டையான ஒரு வட்டத்தில், நடுவை நோக்கி நாம் எவ்வளவு தூரம் நெருங்குகிறோமோ, அதன் 44/7 மடங்கு சுற்றளவு குறையவேண்டும். நமது பின்னலில் இரண்டு வரிசைகளின் உயரம் ஏறத்தாழ 0.7 சென்ரிமீற்றர். ஆகவே, சுற்றளவு ஏறத்தாழ 4.4 சென்ரிமீற்றர், அதாவது 10 கண்ணிகள் குறைய வேண்டும். இரண்டு வரிசைக்கு ஒருமுறை பத்துக் கண்ணி குறைத்தால் உச்சி தோசைக்கல் போலத் தட்டையாகும். நான்கு மட்டும் குறைத்தால் கூம்பு போல உயர்ந்து நிற்கும். எட்டுக் குறைக்கும்போது தட்டையுமாகாமல் கூம்புமாகாமல் மண்டையின் வளைவுக்கு இசைந்து மெல்லக் கவிந்து அமைகிறது.

குழந்தைகளுக்குரிய எச்சரிக்கைகள்

குழந்தையின் தோல் மென்மையானது. ஆதலால் உறுத்தாத மென்கம்பளியையோ பருத்தி நூலையோ தெரிவுசெய்யுங்கள். செயற்கை நூல் மலிவானது, துவைக்க எளியது. ஆயினும் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும் தன்மையது. அடுப்படியிலும் விளக்கடியிலும் அதைப்பற்றி விழிப்பாயிருத்தல் வேண்டும்.

நாடியின் கீழ்க் கட்டும் நாடாவோ, மணியோ, பொத்தானோ குழந்தைத் தொப்பியில் வேண்டாம். நாடா கழுத்தை இறுக்கக்கூடும். மணி வாய்க்குட் போகக்கூடும். அழகுக்கு வேறு நிற நூலில் இரண்டு வரிசைகள் பின்னுவதே சாலும்.

மற்றொன்று மிக முக்கியமானது. வைத்தியசாலையில் பிறந்தவுடன் குழந்தைக்குத் தொப்பி அணிவிப்பது நல்லதே. ஆனால், வீட்டுக்கு வந்தபின், அறைக்குள் உறங்கும் குழந்தையின் தலையை மூடிவைக்கக் கூடாது என்பது மருத்துவர்களின் அறிவுரை. மிகுந்த வெப்பம் உறங்கும் பச்சிளங் குழந்தைக்கு ஆபத்தானது; அவ்வெப்பம் வெளியேறும் முக்கிய வழி தலையே. தொப்பி நழுவி முகத்தை மூடவும் கூடும். குளிர்நாட்டு வீடுகளும் உள்ளே சூடாக்கப்பட்டவையே. யாழ்ப்பாணத்துக் கோடையில் குழந்தைக்குக் கம்பளித் தொப்பி அணிவித்து உறங்கவிடுதல் அன்பாகாது. வெளியே குளிரிற் செல்லும்போது அணிவித்து, உள்ளே வந்ததும் கழற்றிவிடுவதே தக்கது.

அவிழ்த்துப் பின்னலாம்

நெய்த துணியை வெட்டிவிட்டால் மீண்டும் நூலாக்க முடியாது. பின்னலுக்கு அக்குறையில்லை. சிறிதாகிப்போன தொப்பியின் தையலைப் பிரித்து, உச்சியின் முடிச்சை அவிழ்த்து இழுத்தால் முழு நூலும் திரும்பக் கையில் வந்துவிடும். அதைக் கதிரையின் முதுகிற் சுற்றி, நான்கிடத்திற் கட்டி, நீரில் நனைத்து உலர்த்த நெளிவுகள் நீங்கும். அவ்வாறு கிடைக்கும் 72 கண்ணித் தொப்பியின் நூலோடு சிறிது புது நூல் சேர்த்தால் 88 கண்ணித் தொப்பி பிறக்கும். ஒரே நூல் ஒரு குழந்தையோடு கூடவே வளர்வது பார்க்க இனிது.

வருகின்ற விடுமுறையில் மாணவ மாணவியர் ஒரு காரியம் செய்யலாம். வீட்டிலுள்ள ஒவ்வொருவருடைய தலையையும் அளந்து, பெயரும் திகதியும் இட்டு ஒரு கொப்பியிற் குறித்து வையுங்கள். தூரத்திலுள்ள மைத்துனர் மைத்துனியருடைய அளவுகளையும் கேட்டெழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே கண்ணிக் கணக்கைப் போட்டு அம்மம்மாவிடமோ அப்பம்மாவிடமோ கொடுங்கள். முதியவரின் விரல்களுக்குப் பின்னத் தெரியும். உங்களுக்குக் கணக்குத் தெரியும். மாதிரித் துண்டை அவர் பின்னட்டும்; அதிலுள்ள கண்ணிகளை நீங்கள் எண்ணுங்கள். மார்கழிக்குள் தொப்பி போய்ச் சேரவேண்டுமாயின் ஐப்பசியிலேயே தொடங்குவது நன்று.